ஒரு நாள் ஓடிய ஆலை

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
12.11.1985

அன்புள்ள தங்கை டொறீனுக்கு,

தேவ கிருபையால் நானும் உன் அண்ணி ஜெசிந்தாவும் சுகமாக இருக்கிறோம். என் இரத்த அழுத்தம் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. உன் முழங்கால் வலி எப்படி? பலாபத்வலவில் மழை விட்டுவிட்டதா?

ஒரு முக்கியமான விடயமாக எழுதுகிறேன். ‘பிராந்தியப் பொருளாதார வளர்ச்சியில் முயற்சியாளர்களின் பங்கு’ என்று எங்கள் திணைக்களம் ஓர் அறிக்கை தயாரிக்கிறது. மாத்தளை மாவட்டப் பகுதியை எழுதும் பொறுப்பு என்னுடையது. அந்த மண்ணில் பிறந்தவன் என்பதால் பணிப்பாளரே என்னைத் தேர்ந்தெடுத்தார். ஒரு மாவட்டம் முன்னேற, பார்வையும் துணிவும் உள்ள சில தனிமனிதர்கள் வேண்டும். அரசு அவர்களுக்குக் கைகொடுத்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். இதுதான் என் கருத்து.

உதாரணத்துக்கு யட்டவத்தவில் கராம்பு இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் ஆலை போட்டிருக்கும் திரு. ராஜநாயகத்தை எடுத்திருக்கிறேன். எங்கள் கடனுதவியில் எழுந்த ஆலை. நல்ல குடும்பம், நல்ல ஆங்கிலம். அவருக்கு ஊரில் என்ன மதிப்பு இருக்கிறது என்று நாலு வரி எழுதி அனுப்பு.

நீ மிளகு வாங்கிக் காயவைத்து விற்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அது வயிற்றுப்பாடு. முயற்சியாண்மை என்பது வேறு. வித்தியாசத்தை நீ புரிந்துகொள்வாய்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
நோபர்ட்


பலாபத்வல.
24.11.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி இருக்கிறது; உட்கார நேரமில்லாததால் அதை யாரும் விசாரிப்பதில்லை. மழை விடவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராஜநாயகத்துக்கு நாலு வரி தேவையில்லை. ஆலைக் கதவில் பெரிய பூட்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஆடுகள் மழைக்கு அதன் கூரை இறப்பின் கீழ் ஒதுங்குகின்றன. ஆடுகளிடம் அவருக்கு நல்ல மதிப்பு. பொயிலர் வந்து இறங்கிய அன்று சுவாமியார் வந்து ஆசீர்வதித்தார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. மாதம் ஒருமுறை அவர் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு ஜீப்பில் வருவார். சேற்றைப் பார்த்ததும் இறங்காமல் திரும்பிவிடுவார். துணிவு வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அரசாங்கத்தின் கடனை வாங்கிக்கொண்டு இப்படி இருப்பதற்குத் துணிவு வேண்டும்தான்.

என் வயிற்றுப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடையை எரித்தபோது எனக்கு மிஞ்சியது ஒரு தராசும் இரண்டு தார்ப்பாய்ப் படங்கும். என் வீட்டுக்காரர் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது, யாரிடம் போய் அழ? அந்தப் படங்கை விரித்துத்தான் தொடங்கினேன். பச்சை மிளகை ஒரு நிமிடம் கொதிதண்ணீரில் முக்கி எடுத்தால் மூன்று நாளில் கறுகறுவென்று காய்ந்துவிடும், பூசணம் பிடிக்காது. முன்பெல்லாம் இங்குள்ள தோட்டக்காரர் ஈர மிளகை, லொறியோடு வருகிறவன் சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள். இப்போது மூன்று ஊர்க்காரர் எங்களுக்காக வைத்திருக்கிறார்கள். கொழும்பு ஏற்றுமதிக்காரனே லொறி அனுப்புகிறான். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள், அலுவிகாரையிலிருந்து வரும் சிங்களப் பெண்கள், ஹமீமாவும் அவள் தங்கைகளும் என்று முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள்.

இதை அறிக்கையில் எழுதச் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு என்று எழுதினீர்கள், அதனால் சொன்னேன். முப்பத்தொரு வயிறு.

அண்ணிக்கும் உங்களுக்கும் என் ஜெபம்.

தங்கை,
டொறீன்


கொழும்பு 6.
20.1.1986

அன்புள்ள டொறீனுக்கு,

புது வருடத்தில் உனக்கு எல்லா ஆசீர்வாதமும் கிடைக்கட்டும். இங்கே சுகம். அண்ணிக்குத்தான் தடிமன்.

உன் நையாண்டிக்குப் பதில் எழுத நேரமில்லை. மார்ச் பதினான்காம் திகதி வெளிநாட்டிலிருந்து நால்வர் யட்டவத்த ஆலையைப் பார்க்க வருகிறார்கள். அடுத்த கட்ட உதவி அவர்கள் கையில் இருக்கிறது. அன்று ஒரு நாள் ஆலை ஓட வேண்டும். ராஜநாயகத்துக்கு இன்னும் ஆட்கள் சரிவரவில்லை. உன் பெண்களில் இருபது பேரை அனுப்பி வை. பெரிய வேலை ஒன்றுமில்லை. இலையை அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றால் போதும்.

இதில் உனக்கும் நன்மை உண்டு. மிளகு காயவைக்க ஒரு சீமெந்துத் தளம் கேட்டு இரண்டு வருடமாக அரசாங்கக் கச்சேரிக்கு அலைகிறாயே, அந்த விண்ணப்பம் என் மேசையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் நீ யோசிக்க வேண்டும். எண்பத்து மூன்றுக்குப் பிறகு எங்கள் கந்தோரில் தமிழ் உத்தியோகத்தர் இரண்டே பேர். ஒரு பிழை நடந்தால் முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். டிசம்பர் முடிவில் நான் ஓய்வு பெறுகிறேன். அதுவரை ஒரு கறையும் இல்லாமல் போய்விட வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டு.

உடனே பதில் போடு.

அன்பு அண்ணன்,
நோபர்ட்


பலாபத்வல.
3.2.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அண்ணிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். இந்தக் கடிதத்தோடு வரும் ஆள் கையில் கொஞ்சம் மிளகும் அனுப்புகிறேன்.

என் விண்ணப்பம் உங்கள் மேசையில் இருப்பதை இரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்தீர்களே, அந்தப் பொறுமையை மெச்சுகிறேன். ஒரு தேவை வரும்வரை தங்கையின் கடதாசிமேல் தேநீர்க் கோப்பை வைத்துக்கொண்டிருக்க எல்லோராலும் முடியாது.

பெண்களிடம் சொன்னேன். ஹமீமா கேட்டாள்: “ஓடாத ஆலையில வேல செய்ற மாதிரி நடிக்கணுமா டொறீன் அக்கா? அப்ப சம்பளமும் குடுக்கிற மாதிரி நடிப்பாங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். நல்லம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், தோட்டத்துப் பிள்ளை, மிளகு சலிப்பதில் அவள் கைக்கு ஈடு இல்லை. அவள்தான் சொன்னாள்: “ஒரு நாள் கூத்துதானே அக்கா, போயிட்டு வந்திருவோம். சீமெந்துத் தரை கெடைச்சா மழைக்குப் பயப்படாம இருக்கலாமில்ல.”

இரண்டு மாதத்துக்கு முன் ராஜநாயகத்தை ஆட்டோடு சேர்த்து எழுதியவள் நான். அந்த வாயை அடைக்க ஒரு சீமெந்துத் தளம் போதுமானதாக இருந்தது. இருபது பேரை அனுப்புகிறேன். நானும் கூடப் போவேன்.

ஒன்று மட்டும். அந்தப் பொயிலர் ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்த சாமான். தெரிந்தவர் யாராவது அதைப் பார்த்தார்களா? பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டொறீன்


கொழும்பு 6.
18.3.1986

அன்புள்ள டொறீனுக்கு,

சுகந்தானே? வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் யட்டவத்தவுக்கு வர முடியவில்லை. பணிப்பாளர் நேற்று கந்தோரில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வந்தவர்களுக்கு மிகவும் திருப்தியாம். முக்கியமாகப் பெண்களின் மலர்ந்த முகங்கள் அவர்களைக் கவர்ந்தனவாம். உன் உதவியை மறக்கமாட்டேன்.

ஒரு பெண்ணுக்குச் சிறு காயம் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண் இப்போது நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

தவக்காலம் நல்லபடி கழியட்டும்.

நோபர்ட்


பலாபத்வல.
27.3.1986

அண்ணனுக்கு,

நான் சுகம். உங்கள் இரத்த அழுத்தம் சரியான நாள் பார்த்து ஏறியிருக்கிறது.

நடந்ததை எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குப் பொயிலரை மூட்டினார்கள். மூட்டியவன் லாபிர், பேக்கரியில் அடுப்பு எரிக்கிறவன். கொஞ்ச நேரத்தில் என்னிடம் ஓடி வந்தான். “அக்கா, மீட்டர் முள்ளு அசையவே இல்ல. எனக்குப் பாண் அடுப்புத்தான் தெரியும். இத என்னால பாத்துக்க ஏலாது” என்றான்.

நான் ராஜநாயகத்திடம் போனேன். “டொறீன், பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. கொழும்புலயே பாஸ் பண்ணியாச்சு. நீங்க பொம்பளைகளச் சிரிச்ச முகமா நிக்கச் சொல்லுங்க, அது போதும்” என்றார். நான் போய்ச் சிரித்த முகமாக நிற்கச் சொன்னேன். உங்கள் ஆட்களைக் கவர்ந்த மலர்ச்சி அதுதான்.

வெள்ளைக்காரர் வந்து படம் பிடித்துவிட்டு, வெளியே போட்ட பந்தலுக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். அந்த நேரம் நீராவிக் குழாயின் பொருத்து கழன்றது. நல்லம்மா அதன் கீழே இலை போட்டுக்கொண்டு நின்றாள். நான் திரும்பிப் பார்த்தபோது வெள்ளைப் புகை மட்டும் தெரிந்தது. அவள் குரல் அதற்குள்ளிருந்து வந்தது. வலது கை தோளிலிருந்து விரல்வரை வெந்துவிட்டது. கழுத்திலும் பாதி.

பந்தலில் இருந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். ஆலை விசில் அடிக்கிறது என்று ராஜநாயகம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். ஒருவர் கைதட்டினார்.

மிளகு லொறியில் சாக்கு விரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தாள்: “அக்கா, நா என்னா தப்பு செஞ்சேன்?” டொக்டர் உயிருக்குப் பயமில்லை என்கிறார். விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். அவளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள்.

பொயிலரை யாராவது பார்த்தார்களா என்று கேட்டிருந்தேன். நீங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை.

டொறீன்


பலாபத்வல.
9.6.1986

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணியும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் விசாரணை நடந்தது. இளம் சிங்கள உத்தியோகத்தர், மரியாதையாகத்தான் கேட்டார். இருபது பெண்களை வேலைக்காரர் மாதிரி நிற்க வைத்தது நான்தான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கடதாசியைக் காட்டினார். ‘ஆலையை நேரில் பார்வையிட்டேன். கொதிகலன் பரிசோதிக்கப்பட்டு நல்ல நிலையில் இயங்குகிறது.’ திகதி பெப்ரவரி பத்து. பொயிலரைப் பாருங்கள் என்ற என் கடிதம் உங்கள் கைக்கு வந்து ஐந்தாறு நாளில் போட்ட கையெழுத்து. நீங்கள் அந்த மாதம் மாத்தளைப் பக்கமே வரவில்லை. வந்திருந்தால் என் வீட்டில்தானே சாப்பிட்டிருப்பீர்கள்.

பெயர் தெளிவில்லாத வெறும் கிறுக்கல். ஆனால் அந்தக் கையெழுத்தை நான் ஆறு வயதிலிருந்து பார்க்கிறேன். “இது யாருடைய கையெழுத்து என்று தெரியுமா நோனா?” என்று உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டார்.

“தெரியாது மாத்தயா” என்றேன்.

நல்லம்மா என் பக்கத்து வாங்கில் கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தலையை அந்தப் பக்கம் திருப்பவில்லை. இத்தனை நாளும் உங்களையும் ராஜநாயகத்தையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த ஒரு சொல்லோடு நானும் உங்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டேன். நாங்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

முடிவு போன கிழமை வந்தது. பொயிலர் நல்ல நிலையில் இருந்ததற்கு அத்தாட்சி இருக்கிறதாம். ஆகவே தொழிலாளியின் கவனக்குறைவாம். நட்டஈடு கிடையாது.

பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

டொறீன்


கொழும்பு 6.
30.6.1986

அன்புள்ள மைத்துனி டொறீனுக்கு,

யேசுவின் திருஇருதயம் உங்களுக்குத் துணை. அவருக்குச் சுகமில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து நித்திரை இல்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது.

தயவுசெய்து இப்படியான விடயங்களைக் கடிதத்தில் எழுதாதீர்கள். இந்தக் காலத்தில் யார் உடைத்துப் பார்ப்பார்கள் என்று தெரியாது. முப்பத்திரண்டு வருடச் சேவை. கடைசி ஆறு மாதத்தில் வாயைத் திறந்தால் பென்ஷன் போய்விடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். டிசம்பர் முடியட்டும். அதற்குப் பிறகு ஆண்டவர் ஒரு வழி காட்டுவார். அந்தப் பெண்ணுக்காக நான் நவநாள் வைத்திருக்கிறேன்.

சீமெந்துத் தளத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவர்தான் பாடுபட்டு எடுத்தார். கடிதம் இத்துடன் வருகிறது. சந்தோஷப்படுவீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
ஜெசிந்தா


பலாபத்வல.
8.7.1986

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுடைய நித்திரைக்காக நானும் ஜெபிக்கிறேன். அனுமதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தளம் வேண்டாம். படங்கில் காய்ந்த மிளகை இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

திங்கட்கிழமை விசாரணைக் கந்தோருக்குப் போய், அன்றைக்குப் பொய் சொன்னேன், அது என் அண்ணனுடைய கையெழுத்து என்று சொன்னேன். “முடிந்த விசாரணையைத் திறக்க உங்கள் வாய்ச்சொல் போதாது. கையெழுத்துப் போட்டவரே எழுதித் தர வேண்டும்” என்றார்கள். இப்படியான சட்டத்தை யார் உண்டாக்கினார்களோ, அவர்களுக்கும் அண்ணன் மாதிரி ஒரு அண்ணன் இருந்திருக்க வேண்டும்.

பிறகு தோட்டத்துக்குப் போய் நல்லம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். அதைப் புரட்டிப் போட்டாள். “அன்னைக்கு வாங்குல நீங்க என் பக்கம் திரும்பவே இல்ல. நான் அப்பவே நெனச்சேன்” என்றாள். பிறகு என்னைப் போகச் சொன்னாள்.

போனேன். மூன்று கிழமை கழித்து வேலைக்கு வந்துவிடுவாள் என்று ஹமீமா சொல்கிறாள். வந்தால் வேலைக்குத்தான் வருவாள். எனக்காக வரமாட்டாள்.

அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

டொறீன்


கொழும்பு 6.
6.1.1987

அன்புள்ள தங்கை டொறீனுக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை. நத்தார்ப் பண்டிகை நல்லபடி கழிந்திருக்கும். கர்த்தர் புது வருடத்தில் நம் எல்லோருக்கும் சமாதானம் தருவாராக. அண்ணி சுகம். எனக்கும் பரவாயில்லை.

கடந்த மாதம் முப்பத்தோராம் திகதி ஓய்வு பெற்றேன். கந்தோரில் சிறு விருந்து வைத்தார்கள். பென்ஷன் கடிதம் அன்றே கைக்கு வந்தது. இரண்டாம் திகதி காலையில், கொதிகலனை நேரில் பார்க்காமலே அத்தாட்சி கொடுத்தேன் என்று எழுதி, விசாரணைக் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இதைச் செய்ய எனக்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டது என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அறிக்கையும் அச்சாகிவிட்டது. ராஜநாயகத்தைப் பற்றிய பகுதியை எடுக்க நேரம் இருக்கவில்லை. ஒரு பிரதி அனுப்புகிறேன், அச்சமைப்பு நன்றாக வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் விடயத்தில் நான் நடந்துகொண்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும், நிம்மதியாக இருப்பேன். ஒருமுறை அந்தப் பக்கம் வரவும் விருப்பம்.

அன்பு அண்ணன்,
நோபர்ட்


பலாபத்வல.
17.5.1987

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நானும் பிள்ளைகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் டொறீன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தை அக்கா என்னிடம் தந்து, “இதுக்குப் பதில் எழுத வேண்டியவ நான் இல்ல” என்றார். நான் நாலு மாதம் எழுதவில்லை. போன கிழமை விசாரணைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நட்டஈடும் தருவார்களாம். அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் இது நடந்தது என்று தெரியும். பென்ஷன் கைக்கு வந்த பிறகு எழுதிக் கொடுத்தீர்கள் என்பதும் தெரியும். அதுவரைக்கும் நான் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனால், “பொயிலர ஒடச்சவ வர்றா” என்று தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்வார்கள். என் புருஷனும் ஒரு தடவை சொன்னார். உங்கள் வீட்டில் உங்களுக்கு அந்தப் பேச்சு இருந்திருக்காது.

அறிக்கைப் புத்தகத்தை அக்கா காட்டினார். அதிலுள்ள படத்தில் ராஜநாயகம் ஐயா முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் நாங்கள் இருபது பேர். கீழே ‘ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்கள்’ என்று போட்டிருக்கிறதாம். படம் எடுத்த நேரம் என் கை நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ராஜநாயகம் ஐயா பொயிலரைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். இப்போது காளான் வளர்க்கப் போகிறாராம், அதற்கு வேறு கடன் கிடைத்திருக்கிறதாம். ஹமீமா கேட்கிறாள், காளானுக்கும் நாங்கள்தான் போய் நிற்க வேண்டுமா என்று.

நான் சலிக்கிற வேலைக்கு இனி உதவமாட்டேன். ஊர் ஊராகப் போய் மிளகு பார்த்து வாங்குகிறேன். அதற்குக் கண்ணும் வாயும் போதும். யட்டவத்தவிலும் ஒரு இடம் தொடங்கியிருக்கிறோம். அது அக்கா, ஹமீமா, நான் மூன்று பேர் பெயரிலும் பதிந்திருக்கிறது. இது நான் கேட்டு வாங்கியது, அக்கா இரக்கப்பட்டுத் தந்ததில்லை. அக்காவோடு நான் இன்னும் பழைய மாதிரிப் பேசுவதில்லை. வேலைக்கு வேண்டியதைப் பேசுகிறோம்.

மன்னிப்பு என்று எழுதியிருந்தீர்கள். அதை அக்காவிடம் கேட்டிருக்கிறீர்கள். வெந்தது அக்காவின் கை இல்லை. கடிதம் முழுக்கத் தேடினேன், என் பெயரே இல்லை. ‘அந்தப் பெண்’ என்று இருக்கிறது. என் பெயர் நல்லம்மா.

இந்தப் பக்கம் வர விருப்பம் என்றீர்கள். வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், ஆள் இருக்காது. வேலை நாளில் காலை பத்து மணிக்கு எல்லோரும் பிளேன்டீ குடிக்க உட்காருவோம். இப்போது நாற்பத்தாறு பேர் இருக்கிறோம். அவ்வளவு பேருக்கும் முன்னால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைப்போம்.

இடைவேளை கால் மணி நேரம்தான். அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
எஸ். நல்லம்மா